முப்பத்தாறு பேர் குறைகிறார்கள்

ட்ரஸ்க் வீட்டு வாசற்படிக்கு வந்ததும், திரும்பிப் போக ஒரு வயிற்றுவலி கிடைக்காதா என்று பார்த்தேன். காலையில் சாப்பிட்டது ஒரே ஒரு போரெக், சீஸ் வைத்த அப்பம், அதுவும் என் மனைவி கையால் சுட்டது. அதன்மேல் பழி போட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போக முடியாது.

"என்ன வாஹே, கார்ல ஏறினதுலேர்ந்து ஒரு கடி ஜோக் கூட வரல. உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார் என் பாஸ் ஹெஸ்டர் லோமாக்ஸ்.

"சனிக்கிழமை ஜோக் சொன்னா ஓவர்டைம் குடுக்கணும் பாஸ். உங்க நல்லதுக்குத்தான் வாயை மூடிட்டு வர்றேன்."

"அப்பாடா. உயிரோடதான் இருக்க."

ஹெஸ்டருக்கு ஐம்பத்தெட்டு வயது. எங்கள் பாசடீனா ஊரில் இருபது வருடமாகத் தனியார் துப்பறிவாளர். நான் வாஹே கஸாரியன், அவருடைய உதவியாளன். கார் ஓட்டுவது, ஏணி ஏறுவது, மொக்கை போடுவது மூன்றும் என் இலாகா. இன்னும் இரண்டு மாதத்தில் எனக்கே துப்பறிவாளர் உரிமம் வந்துவிடும். வந்தாக வேண்டும். வீட்டில் நாலு மாதப் பெண் குழந்தை இருக்கிறாள்.

வீடு 1911-இல் கட்டிய கிராஃப்ட்ஸ்மேன் வீடு. தாழ்ந்து விரிந்த கூரை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரங்கள், ஆற்றுக் கற்களை அடுக்கிய தூண்கள். எங்கள் பேட்டையில் எல்லாமே இந்த ரகம்தான். இங்கே உள்மரத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தவன் கொலைகாரனைவிட மோசம். கொலைகாரனுக்காவது வக்கீல் கிடைப்பார்.

வருடா வருடம் ஏப்ரல் கடைசி ஞாயிறு, பழைய வீடுகளைக் காக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தார் இந்த வீடுகளில் ஏழெட்டைத் திறந்துவிட்டு, டிக்கெட் போட்டு ஊர்க்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுவார்கள். பத்து நிமிடத்துக்குப் பன்னிரண்டு பேராக உள்ளே விடுவார்கள். சங்கத்துக்கு உதவ வந்த ஊர்க்காரர்கள் அறைக்கு ஒருவராக வழிகாட்டியாக நிற்பார்கள். இந்த வருடம் ட்ரஸ்க் வீட்டில், சாப்பாட்டு அறை மேசைக்கு மேலே தொங்கும் செம்பு விளக்குதான் எல்லோரும் பார்க்க வந்த பொருள். அம்பர் நிறக் கண்ணாடி, வீடு கட்டிய நாளிலிருந்து அதே இடம்.

மாலை மூன்றரைக்கு, கழுத்தில் பூதக்கண்ணாடி மாட்டிய ஓர் அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது அசல் இல்லையே, புதுசால்ல இருக்கு!" என்று உரக்கச் சொன்னார். வீட்டுக்காரர் டாக்டர் ட்ரஸ்க் ஓடி வந்தார். முகம் வெளுத்து, "காலையில அசல்தான் தொங்குச்சு! யாரோ மாத்திட்டாங்க!" என்றார்.

பழி டெல்ஃபினா ரோசாஸ் மேல் விழுந்தது. அவருடைய இடம் முன்கூடம். வருகிறவர்கள் ஷூவுக்கு மேல் மாட்டிக்கொள்ளக் காகித உறை எடுத்துக் கொடுக்கும் வேலை. ஆனால் ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை அவர் சாப்பாட்டு அறையில் நின்றதை ட்ரஸ்க்கும் இன்னும் ஆறு பேரும் பார்த்திருக்கிறார்கள். ஏன் நின்றீர்கள் என்று கேட்டால், "நின்னேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை கூட்டத்துக்கு நடுவில் விளக்கை எப்படிக் கழற்றினார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஆள் கிடைத்தாயிற்று, அது போதுமாக இருந்தது.

இன்று பன்னிரண்டு மணிக்கு இதே வீட்டில் சங்கக் கூட்டம். சங்கம் கேட்டு விசாரித்த ஹெஸ்டர் அறிக்கை வாசிப்பார். பிறகு கை தூக்கி ஓட்டுப் போட்டு டெல்ஃபினா மேல் போலீஸில் புகார் கொடுப்பார்கள். டெல்ஃபினா பள்ளிக்கூட பஸ்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற உத்தியோகத்தில் இருப்பவர். திருட்டு வழக்கில் பெயர் அடிபட்டால் அன்றைக்கே சீட்டு கிழிந்துவிடும்.

சாப்பாட்டு அறையில் வழிகாட்டியாக நின்றவன் யார் என்று நீங்கள் கேட்கவில்லை. நான்தான்.

சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஒரு மணிக்குப் பசி தாங்காமல், முதுகுப் பையை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவி, தெருமுனையில் நின்ற டாகோ வண்டிக்குப் போனேன். இரண்டைத் தின்றுவிட்டு, மனைவிக்கு இரண்டைப் பையில் போட்டு வரலாம் என்று கணக்கு. வரிசை நீளம். என் முறை வருவதற்குள் வீட்டுக்கு வாங்கும் ஆசையை விட்டுவிட்டேன். திரும்பி வந்தபோது டெல்ஃபினா என் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு முன்கூடத்துக்குப் போனார். சாயங்காலம் போலீஸ் நீட்டிய படிவத்தில், 'இடத்தைவிட்டு நகர்ந்தீர்களா?' என்று ஒரு கேள்வி. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஹெஸ்டரின் ஆள் என்பதால் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

பொய் வாக்குமூலம் தெரிந்தால் உரிமம் கிடைக்காது. பதிமூன்று நாளாக அந்த ஒரு வார்த்தையின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. நான் இல்லாத நேரம் பார்த்து டெல்ஃபினாவே எடுத்திருப்பாரோ என்று மூன்றாம் நாள் ஓர் எண்ணம் வந்தது. அது எனக்கு வசதியாக இருந்ததால் விரட்டாமல் வைத்துக்கொண்டேன்.

ஹெஸ்டர் கதவைத் தட்டினார்.

திறந்தவர் டாக்டர் லேலண்ட் ட்ரஸ்க். ஓய்வுபெற்ற பல் டாக்டர். "வாங்க" என்பதற்கு முன்பே காகித உறைக் கூடையை நீட்டினார்.

"உறை, உறை! தரை ஆயிரத்தித் தொளாயிரத்திப் பதினொண்ணு!"

"என் கால் ஆயிரத்தித் தொளாயிரத்தித் தொண்ணூத்திரண்டு டாக்டர். அதையும் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததில்லை. எதிர்வீட்டுக்காரர் குளியலறை ஜன்னலை மட்டும் பிளாஸ்டிக்கில் மாற்றியதற்கு மூன்று பக்கக் கடிதம் எழுதி, தெரு முழுவதற்கும் நகல் அனுப்பியவர். அந்த எதிர்வீட்டுக்காரர் இன்றைக்கும் பின்வாசல் வழியாகத்தான் வெளியே வருகிறார்.

"பன்னெண்டு மணிக்கு இருபத்தேழு பேர் வர்றாங்க. நான் நாற்காலி போடணும், லெமனேட் கலக்கணும். எதையும் தொடாம பாருங்க" என்றார் ட்ரஸ்க்.

"பார்க்கறதுக்குத்தானே வந்தோம்" என்றார் ஹெஸ்டர். டாக்டர் தலை மறைந்ததும் என்னிடம் திரும்பி, "ஏணி எடு. தொட ஆரம்பிக்கலாம்" என்றார்.

சாப்பாட்டு அறை அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. இடுப்பளவுக்கு மேல் வரை ஓக் பலகை பதித்த சுவர், சுவரோடு சேர்ந்த கண்ணாடி அலமாரி, நடுவில் நீள மேசை, அதன்மேல் பைன் காய் எம்பிராய்டரி போட்ட துணி, துணிக்கு மேலே அந்த விளக்கு. சமையலறைப் பெரிய அலமாரியிலிருந்து ஏணியைக் கொண்டுவந்து போட்டு ஏறினேன்.

"நீதான் திருடன்னு வச்சுக்கோ. கழட்டு" என்றார் ஹெஸ்டர்.

இன்னொரு படி ஏறி அண்ணாந்து பார்த்தேன். "நாலு வார்ப்பட்டை, நாலு கொக்கி. நடுவுல ரெண்டு ஒயர். கரண்டை நிறுத்தாம கை வச்சா நானே விளக்கா எரிவேன் பாஸ்."

"எவ்வளவு நேரம்?"

"கழட்டக் கால் மணி. இன்னொண்ணை மாட்டக் கால் மணி. இந்தப் பக்கத்து விளக்கெல்லாம் அணையும்."

"அன்னிக்கு அணைஞ்சுதா?"

"இல்ல."

"ஏணியை யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல."

"பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பன்னெண்டு பேர் வர்ற அறை. அரை மணி நேரம் ஏணி மேல ஒரு பொம்பளை. யாரும் பார்க்கல. நல்லா இருக்கு கதை. சரி, விளக்கோட உள் விளிம்பைப் பாரு. ஏதாவது குத்தியிருக்கா?"

கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்த்தேன். செம்பில் அரிசி அளவுக்கு ஒரு வாத்து. பக்கத்தில் நாலு எண்.

"வாத்து ஒண்ணு. அப்புறம்... இந்த வருஷம்!"

"வருஷமேவா?"

"வருஷமேதான். நம்ம ரிப்பேர்க்காரங்க எல்லாரும் போடுவாங்களே பாஸ். புதுசா எதைச் செஞ்சாலும் மறைவா ஒரு இடத்துல வருஷத்தைக் குத்திடுவாங்க. நூறு வருஷம் கழிச்சு யாரும் அசல்னு ஏமாந்துடக் கூடாதுன்னு."

"திருடறதுக்காகப் போலி செய்யறவன் அதைக் குத்துவானா?"

"கள்ள நோட்டுல 'இது கள்ள நோட்டு'ன்னு அச்சடிக்கிற மாதிரி."

"அப்போ செஞ்சவன் யோக்கியன். செய்யச் சொன்னவனும் அவன்கிட்டத் திருட்டுத்தனமாப் போகல. ராஜாவாட்டம் முன்வாசல் வழியாப் போயிருக்கான்." ஹெஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இறங்கு. அன்னிக்கு வந்தவங்ககிட்டப் பேசினியே, அதை அப்படியே பேசு."

"இப்பவா?"

"நின்ன இடத்துலேயே நின்னு."

நின்ற இடம்! மேசைத் தலைமாட்டில் போய் நின்று, சங்கம் அச்சடித்துக் கொடுத்து நான் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்.

"வாங்க வாங்க. நீங்க இப்ப நிக்கறது சாப்பாட்டு அறை. அலமாரி சுவரோட சேர்ந்து செஞ்சது, தனியா எடுக்க முடியாது. இந்த மேசை அன்னிலேர்ந்து இதே இடத்துல இருக்கு. இதுமேல துணி விரிக்கிற வழக்கமே இந்த வீட்ல கிடையாது. ஓக் மரத்தோட ரேகையை நல்லாப் பாருங்க, புலிக்கோடு மாதிரி..."

நிறுத்தினேன். பைன் காய்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஹெஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இந்தத் துணி அன்னிக்கு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எத்தனை பேர்கிட்ட இதைச் சொன்ன?"

"நானூறு பேருக்கு மேல இருக்கும்."

"முன்னூத்தி எண்பத்தி நாலு."

அந்த எண் என் காதில் ஏதோ செய்தது. அப்போது யோசிக்க நேரமில்லை.

"அத்தனை பேர்ல ஒருத்தர் கூட, ரேகை எங்கேன்னு கேட்கலையா?"

"எல்லாரும் தலையாட்டினாங்க பாஸ். ஒருத்தர் ஆகான்னு கூடச் சொன்னார்."

"உனக்குமா தெரியல?"

"நான் மனப்பாடத்தைப் பார்த்தேன். மேசையைப் பார்க்கல."

"மேசைத் துணி கூடாதுங்கிறது யார் போட்ட விதி?"

"ட்ரஸ்க் டாக்டர். மூணு வருஷம் முன்னாடி இதுக்கும் ஒரு கடுதாசி எழுதினார்."

ஹெஸ்டர் துணியின் ஒரு முனையைப் பிடித்து, குழந்தையின் போர்வையை விலக்குகிறவர்போல் மெல்ல விலக்கினார். விளக்குக்கு நேர் கீழே, புலிக்கோட்டு மரத்தில், ஏழு சாம்பல் நிறப் பொட்டுகள். ஒவ்வொன்றையும் சுற்றிக் கருகிய வளையம்.

தொட்டுப் பார்த்தேன். "ஈயம். கண்ணாடியைச் செம்போட பத்தவைக்கிற ஈயம். மேலேர்ந்து சொட்டியிருக்கு."

"கொதிக்கக் கொதிக்க. இந்த விளக்குக்கு எத்தனை வாட் பல்பு?"

"இருபத்தஞ்சு. அதுக்கு மேல கூடவே கூடாதுன்னு டாக்டரே வழிகாட்டிக் குறிப்புல சிவப்பு எழுத்துல..."

ஹெஸ்டர் ஏற்கெனவே போனை எடுத்திருந்தார்.

"வாத்து முத்திரை மன்ரோவியா ஊர் விளக்குக்காரர் ஓஸ்வின் பெக்கோடது. என் வராந்தா விளக்குலேயும் ஒரு வாத்து உட்கார்ந்திருக்கு" என்று சொல்லியபடி எண்ணை அழுத்தி, எனக்கும் கேட்கிறமாதிரி மேசையில் வைத்தார்.

"பெக் பேசறேன்" என்றது ஒரு கரகரத்த குரல்.

"ஹெஸ்டர் லோமாக்ஸ். டாக்டர் ட்ரஸ்க் வீட்டு சாப்பாட்டு விளக்கைப் பத்திக் கேட்கணும்."

"பிப்ரவரில செஞ்சு குடுத்தேனே! உடைஞ்ச துண்டையெல்லாம் அட்டைப்பெட்டில போட்டுக் கொண்டாந்தார், பாவம், அழாத குறை. ஏன், என்ன ஆச்சு? மறுபடியும் பெரிய பல்பைப் போட்டுட்டாரா?"

"இல்ல மிஸ்டர் பெக். நல்லாத்தான் எரியுது. நன்றி."

வாசலில் கண்ணாடிக் குவளைகள் கலகலத்தன. தட்டில் லெமனேடோடு டாக்டர் ட்ரஸ்க் நின்றுகொண்டிருந்தார். நான் போய்த் தட்டை வாங்கிக்கொண்டேன்.

"ஒரு நாள்தான்" என்றார். "விளம்பரத் தாள்ல போடறதுக்குப் படம் எடுக்க வர்றதாச் சொன்னாங்க. கண்ணாடி பளிச்சுன்னு தெரியணும்னு நூத்தைம்பது வாட் போட்டேன். நடுவுல போன் வந்துச்சு. பேசிட்டுத் திரும்பி வந்தா மேசை மேல துண்டு துண்டாக் கெடக்குது. நூறு வருஷ பூகம்பமெல்லாம் தாங்கின விளக்கு. நான் ஒரு பல்புல முடிச்சுட்டேன்."

"அதைச் சொல்லியிருக்கலாமே டாக்டர்" என்றார் ஹெஸ்டர்.

"யார்கிட்ட? ஜன்னலுக்கு மூணு பக்கம் எழுதினவன் நான். மேசைத் துணிக்கு ரெண்டு பக்கம். எனக்கு எத்தனை பக்கம் எழுதுவாங்க?" முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தம்மா பூதக்கண்ணாடியை வச்சுக்கிட்டுக் கத்தினதும் வாய் தானா சொல்லிடுச்சு, மாத்திட்டாங்கன்னு. அப்புறம் விழுங்க முடியல. டெல்ஃபினா பேரை நான் எடுக்கல, லோமாக்ஸ். சத்தியமா எடுக்கல. மத்தவங்க சொன்னாங்க. நான் இல்லன்னு சொல்லாம இருந்துட்டேன், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றார் ஹெஸ்டர்.

அந்தக் கேள்வி ட்ரஸ்க்குக்குத்தான். ஆனால் எனக்குத்தான் முதலில் சுட்டது.

"பன்னெண்டு மணிக்கு நானே சொல்லிடறேன்" என்று ட்ரஸ்க் தலைகுனிந்து வெளியே போனார்.

உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்குள் ஒரு பெரிய காற்று இறங்கியது. திருட்டே இல்லை! டெல்ஃபினா தப்பித்தார். நான் இடத்தைவிட்டு நகர்ந்தேனா இல்லையா என்று இனி எவன் கேட்கப்போகிறான்? உரிமம், குழந்தை, எல்லாம் பத்திரம். வாயில் ஒரு ஜோக் கூட ஊறியது.

"பாஸ், பல் டாக்டர் ஆச்சே, பிடுங்கறதுக்குள்ள ரொம்ப..."

ஹெஸ்டர் கைப்பையிலிருந்து நாலு சின்னக் கருவிகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். வழிகாட்டிகள் கையில் கொடுக்கிற கிளிக்கர்கள். ஆள் உள்ளே வர வர, கட்டைவிரலால் 'டிக்' என்று ஒன்று அமுக்க வேண்டும். என் ஜோக் தொண்டையிலேயே செத்தது.

"முன்கூடம் நானூத்தி இருபது. டெல்ஃபினா இல்லாத நேரம் வாசல்ல டிக்கெட் கிழிச்சவர் அமுக்கியிருக்கார். ஹால் நானூத்தி இருபது. சமையலறை நானூத்தி இருபது." நாலாவதை விரலால் என் பக்கம் தள்ளினார். "சாப்பாட்டு அறை முன்னூத்தி எண்பத்தி நாலு. முப்பத்தாறு பேர் குறையுது. மூணு கூட்டம், அரை மணி நேரம். அவங்கல்லாம் சாப்பாட்டு அறைக்குள்ள வராமலே ஹால்லேர்ந்து சமையலறைக்குத் தாண்டிக் குதிச்சாங்களா, வாஹே?"

அந்த அரை மணியும் கிளிக்கர் என் சட்டைப் பையில், டாகோ வரிசையில் நின்றது.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"ரெண்டாவது நாள்லேர்ந்து."

"ஏன் கேட்கல?"

"நீயாச் சொல்லுவேன்னு பார்த்தேன்." ஹெஸ்டர் குரலில் கோபமே இல்லை, இருந்திருந்தால் தேவலை. "உனக்காக நான் காத்திருந்தேன். அதுக்காக அந்தப் பொம்பளையும் பதிமூணு நாள் காத்திருக்க வேண்டியதாப் போச்சு. அந்தத் தப்பு என்னோடது. அறிக்கையில விளக்கைப் பத்தி மட்டும்தான் இருக்கும். இது உன்கிட்டயே இருக்கட்டும்." கிளிக்கரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது டெல்ஃபினா. நாற்பத்தாறு வயது, சின்ன உருவம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற நீல உடுப்பு. உள்ளே வந்தவர் கூடையைப் பார்த்தார். பழக்கதோஷம், அதைக் கையில் எடுத்துக்கொண்டு முன்கூடத்தில் நின்று, பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் உறை எடுத்துக் கொடுத்தார். தன்மேல் புகார் கொடுக்க ஓட்டுப் போட வந்தவர்கள் தரையை மிதித்துக் கெடுக்காமல் பார்த்துக்கொண்டார். இருபத்தேழு பேரும் வாங்கிக்கொண்டார்கள். முகத்தைப் பார்த்து வாங்கியவர் ஒருவருமில்லை.

எனக்கும் ஒன்று நீட்டினார். என் காலில் ஏற்கெனவே இருந்ததைப் பார்த்து, திரும்பக் கூடையில் போட்டுக்கொண்டார்.

கூட்டம் ஹாலில், கணப்புக்கு முன்னால் நடந்தது. ட்ரஸ்க் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். மறைக்கவில்லை, அதற்காக அவருக்கு ஒரு மார்க் கொடுக்கலாம். சொல்லி முடித்ததும் முதல் வரிசையிலிருந்து ஒருவர் நடுங்கும் குரலில் கேட்டார்.

"எத்தனை வாட்?"

"நூத்தைம்பது."

ஓர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "உடைஞ்சதெல்லாம் வச்சிருக்கீங்களா?" என்றார் ஒருவர். "அம்பர் கண்ணாடியும் போச்சா?" என்றார் இன்னொருவர். "மேசையுமா? மேசையுமா?" என்று ஒரு குரல். கால் மணி நேரம் விளக்கைப் பற்றியே பேசினார்கள். இழவு வீடு தோற்றது. கடைசியில் சங்கத் தலைவி, விளக்கின் இழப்புக்கு வருத்தம் தெரிவித்து ஒரு தீர்மானம் போடலாமா என்று கேட்டார். கைகள் உயர்ந்தன.

டெல்ஃபினா பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அவர் கதவோரம் கூடையோடு நின்றபடியே இருந்தார். எனக்கு அவர்கள் மேல் சுறுசுறுவென்று கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று அடுத்த வினாடியே தெரிந்தது. எழுந்தேன். பைக்குள் கை பட்டு, கிளிக்கர் 'டிக்' என்றது.

"விளக்குக்காக அப்புறம் அழுதுக்கலாம்" என்றேன். "நான் வாஹே கஸாரியன். அன்னிக்கு சாப்பாட்டு அறை என் பொறுப்பு. ஒரு மணிக்கு நான் டாகோ சாப்பிட ஓடிட்டேன். அரை மணி நேரம் என் இடத்துல டெல்ஃபினா நின்னாங்க. அதனாலதான் அங்கே நின்னாங்க, வேற எதுக்கும் இல்ல. நான் நகரவே இல்லன்னு போலீஸுக்கு எழுதிக் குடுத்தேன். பதிமூணு நாளா வாயைத் திறக்கல. நீங்க யாரும் அவங்களை ஒரு வார்த்தை கேட்கல, நானும் ஒரு வார்த்தை சொல்லல. டாக்டர் விளக்கை உடைச்சார். இதை உடைச்சது நாம எல்லாரும்."

தலைவி தொண்டையைக் கனைத்தார். "போலீஸ் படிவத்துல பொய்யா எழுதினீங்களா?"

"ஆமா. திங்கட்கிழமை போய் மாத்தி எழுதிக் குடுக்கறேன்."

"உங்க உரிமம்?"

"வராது."

ஹெஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவி கதவுப் பக்கம் திரும்பி, "மிஸ் ரோசாஸ், நாங்க எல்லாருமே..." என்று ஆரம்பித்தார். டெல்ஃபினா கூடையைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

பின்னாலேயே ஓடினேன். வராந்தாவில், கல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நெஞ்சில் இருந்த பாரமெல்லாம் இறங்கிய மாதிரி இருந்தது எனக்கு. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, கொடுக்க வேண்டிய விலையைக் கொடுத்தாயிற்று, இனி மன்னிப்புக் கேட்பது ஒன்றுதான் பாக்கி என்று நினைத்தேன்.

"டெல்ஃபினா, நான்..."

"பைல என்ன இருந்துச்சு?" என்று கேட்டார்.

"எந்தப் பை?"

"அன்னிக்கு முதுகுல மாட்டிட்டுப் பின்வாசல் வழியாப் போனியே, அந்தப் பை."

"ஒண்ணும் இல்ல. காலிப் பை. வீட்டுக்கு ரெண்டு டாகோ வாங்கிட்டுப் போகலாம்னு..."

டெல்ஃபினா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறி, கையால் கண்ணை அழுத்திக்கொண்டார். "கடவுளே, காலிப் பை. பதிமூணு நாளா, விளக்கு அதுலதான் போச்சுன்னு நெனச்சுட்டிருந்தேன் தம்பி."



"நான் எடுத்தேன்னு நெனச்சீங்களா?"

"வேற என்ன நெனைக்கறது? திருட்டுத்தனமா நழுவற, பையோட போற, சாயங்காலம் விளக்கைக் காணோம்ங்கிறாங்க."

"அப்புறம் ஏன் சொல்லல? போலீஸ் கேட்டப்போ, இவங்கல்லாம் கேட்டப்போ... அவன் ஓடிட்டான், அதான் நான் நின்னேன்னு ஒரு வார்த்தை போதுமே!"

"சொன்னா உன் கதை முடிஞ்சிருக்கும். குழந்தைக்கு நாலு மாசம்தானே ஆகுது. ஏதோ கஷ்டம் போலிருக்கு, தானா வந்து திருப்பிக் குடுத்துடுவான்னு பார்த்தேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "தினமும் பார்த்தேன். சரி, நீ என்ன நெனச்ச? விளக்கை யார் எடுத்தான்னு?"

பொய் சொல்லியிருக்கலாம். பழக்கம் இருந்தது.

"நீங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

டெல்ஃபினா கோபப்படவில்லை. தூணில் சாய்ந்து, காலிலிருந்த காகித உறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, இரண்டையும் ஒன்றாக மடித்து என் கையில் வைத்தார்.

"அடுத்த வருஷம் முன்கூடத்துல நீ நில்லு" என்றார். "அங்கேயிருந்து பார்த்தா, யார் வர்றாங்க யார் போறாங்கன்னு எல்லாமே தெரியும். தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணணும்ங்கிறதை நீயே முடிவு பண்ணிக்க வேண்டியதுதான்."

படியிறங்கி, தெருவைக் கடந்து, தன் வீட்டுப் பக்கம் நடந்தார். உள்ளே விளக்குக்கான தீர்மானத்தை யாரோ உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஹெஸ்டர் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார்.

"ஜோக் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல பாஸ்" என்றேன்.